கணிதப் பேராசான் மகாவீராச்சாரியர்

வடசென்னையில் எண்ணூர் முகத்துவாரத்திற்குத் தெற்கே அமைந்த காத்திவாக்கத்தில், நம் அன்பர் ஒருவரது இல்லத்து மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் குழந்தைகளுக்கு அறநெறி வகுப்பு நடத்தி வருகிறோம். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிச் சிற்றூர்களிலிருந்து தொழிற்சாலை வேலை நாடி இப்பகுதிக்கு வந்து குடியேறிய சமணக் குடும்பங்களின் பேரக் குழந்தைகளே பெரும்பாலும் வருவர். ஒரு ஞாயிறன்று, மகாவீரர் என்னும் பெயருடைய ஆச்சாரியர் கணித நூல் ஒன்று இயற்றியுள்ளார் என்று நாம் கூறியபோது, பகவானே கணக்கும் எழுதினாரா என்று ஒரு சிறுவன் வியப்புடன் கேட்டான். குழந்தைகளை அழைத்துவர வந்திருந்த பெரியவர்களிலும் சிலருக்கு அதே ஐயம் இருந்தது.

இருபத்துநான்காம் தீர்த்தங்கரராகிய வர்த்தமான மகாவீரர் வேறு. நாம் ஈண்டுக் கூறப்புகும் மகாவீராச்சாரியர் வேறு. இவர் பகவானுக்கு ஏறத்தாழ பதினான்கு நூற்றாண்டுகள் பிற்பட்டவர். கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை ஏறத்தாழ கி.பி. 850ஆம் ஆண்டளவில் இயற்றியவர். உலகக் கணித வரலாற்று ஆசிரியர் போற்றும் இப்பெருமகனாரை நம் இல்லங்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் விழைவினால் இவ்வரலாற்றை எழுதுகிறோம். வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

மகாவீராச்சாரியர் வாழ்ந்த காலம் சமண அறிவுலகின் பொற்காலம் எனலாம். இராட்டிரகூடப் பேரரசன் அமோகவர்ஷ நிருபதுங்கன் இளம் வயதில் கி.பி. 814இல் அரியணை ஏறி, ஏறத்தாழ 64 ஆண்டுகள் ஆண்டான். அவனது தலைநகரம் மானியகேடம். இன்று கருநாடக மாநிலத்துக் கலபுரகி மாவட்டத்தில் மல்கேடு என்னும் சிற்றூராக உள்ளது. ஆதிபுராணம் அருளிய ஜினசேனாச்சாரியரை அமோகவர்ஷன் குருவாகக் கொண்டிருந்தான். ஜினசேனரின் ஆசான் வீரசேனர் தவளை என்னும் பேருரையை இயற்றினார். அவர் தொடங்கிய ஜயதவளையை ஜினசேனர் கி.பி. 837இல் நிறைவு செய்தார். கன்னட மொழியின் தொன்மையான இலக்கண நூலாகிய கவிராஜமார்க்கமும் இவ்வரசன் அவையில் பிறந்ததே ஆகும்.

இத்தகைய சூழலில் கணித நூல் ஒன்று தோன்றியது தற்செயலன்று. நம் ஆகமங்கள் நான்கு அனுயோகங்களாகப் பகுக்கப்பெறும் என்பதை அன்பர்கள் அறிவர். அவற்றுள் கரணானுயோகம் உலகின் அமைப்பு, காலத்தின் அளவு ஆகியவற்றை எண்களால் விளக்குவது. தீவுகளும் கடல்களும் ஒன்றுக்கொன்று இருமடங்காக விரிந்து செல்வதைக் கூறவும், எண்ணத்தக்கது, எண்ணத்தகாதது, முடிவற்றது என்று எண்களையே வகைப்படுத்தவும் யதிவிருஷபரின் திலோயபண்ணத்தி முதலிய நூல்கள் கணிதத்தைக் கையாண்டன. ஆகவே எண்ணைக் கற்பது நம் முன்னோர்க்கு வணிகத் தேவை மட்டுமன்று. சமய அறிவின் ஒரு பகுதியாகவும் விளங்கியது.

மகாவீராச்சாரியர் தம் நூலின் தொடக்கத்தில் வர்த்தமான சுவாமியை வணங்குகிறார், அமோகவர்ஷனைப் பாராட்டுகிறார். தம்மைப் பற்றியோ தம் பெற்றோர், பிறந்த ஊர் பற்றியோ யாதொன்றும் கூறாமல் நேரே பாடத்திற்குச் செல்கிறார். தம்மை முற்றிலும் மறைத்துக்கொண்டு அறிவை மட்டும் முன் நிறுத்திய பெரியோர் இவர். ஆதலின் இவரது வாழ்வை இவரது நூலில்தான் நாம் காணவேண்டியுள்ளது.

அவருக்கு முற்பட்ட ஆரியபட்டர், பிரமகுப்தர் முதலியோர் வான நூலின் பகுதியாகவே கணிதத்தைக் கூறினர். மகாவீராச்சாரியரோ கணிதத்திற்கென்றே தனி நூல் செய்தார். அது ஒன்பது அதிகாரங்களும் 1100க்கு மேற்பட்ட சுலோகங்களும் கொண்டது. அளவைகளும் குறியீடுகளும், அடிப்படைச் செய்கைகள், பின்னங்கள், பின்னம் பற்றிய பல்வகைக் கணக்குகள், மூன்றன் விதி, வட்டி முதலிய கலப்புக் கணக்குகள், நிலப்பரப்பு, குழி தோண்டுதல், நிழல் என்று அவை முறையே செல்கின்றன. எண்களின் இடப்பெயர்களை இருபத்துநான்கு இடங்கள் வரை அவர் கூறுகிறார். இசை, நாடகம், சமையல், மருத்துவம், கட்டடக் கலை, யாப்பு, இலக்கணம் ஆகிய யாவற்றிலும் கணிதம் ஊடுருவி நிற்பதை நூலின் முகப்பிலேயே மாணவனுக்கு உணர்த்தியும் விடுகிறார்.

இந்நூலின் தனிச் சிறப்பு அதன் வினாக்களே ஆகும். சூத்திரத்தைக் கூறியவுடன் அவர் ஒரு காட்சியை விரிக்கிறார். வழிப்போக்கர், வணிகர், ஒட்டகக் கூட்டம், பழக்குவியல், அறுந்த முத்துமாலை, பொன் உருக்கும் தட்டார், ஜினாலயப் பூசனைக்குரிய மலர்கள் ஆகிய அனைத்தும் அவரது வினாக்களில் வருகின்றன. நிலப்பரப்பைக் கற்பிக்கும்போது சதுரம், முக்கோணம் என்பவற்றோடு நில்லாமல், பிறை வடிவு, மத்தள வடிவு, சங்கு வடிவு, யானைத் தந்த வடிவு என்று மாணவன் கண்ணால் கண்ட பொருள்களின் வடிவங்களையும் அளக்கச் செய்கிறார். பெருக்கலைக் கற்பிக்கும்போதோ, விடை ஓர் ஆரம்போல் அழகாக அமையும்படி எண்களைத் தேர்ந்தெடுத்துத் தருகிறார். 12345679ஐ 9ஆல் பெருக்கினால் ஒன்பது ஒன்றுகள் வரிசையாக நிற்கும். 139ஐ 109ஆல் பெருக்கினால் 15151 வரும். 27994681ஐ 441ஆல் பெருக்கினால் 12345654321 என்று ஏறி இறங்கும். 333333666667ஐ 33ஆல் பெருக்கினால் 11000011000011 கிடைக்கும். இவை எப்பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். பெருக்கலில் ஓரிடத்தில் பிழை நேர்ந்தாலும் மாலை அறுந்துவிடும். ஆசிரியர் சொல்லாமலே மாணவன் தன் பிழையை அறிந்துகொள்வான். இது எத்துணை நுட்பமான கற்பித்தல் முறை என்பதை ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, முன்னர்க் குறிப்பிட்ட காரணத்தைக் கூறுவோம். நம் வகுப்பிற்கு ஒன்பதாம் வகுப்புப் பயிலும் சிறுமி ஒருத்தி வந்துகொண்டிருந்தாள். பாடல்களை இனிமையாகப் பாடுவாள். ஆனால் கணக்கு என்ற சொல்லைக் கேட்டாலே அவள் முகம் வாடிவிடும். பள்ளியில் கரும்பலகையின் முன் விடை தெரியாமல் நெடுநேரம் நிற்க நேர்ந்ததாகவும், அன்று முதல் தனக்குக் கணக்கு வராது என்று அவள் முடிவு செய்துவிட்டதாகவும் அவளுடைய தாயார் நம்மிடம் வருந்திக் கூறினார். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடலாமா என்ற பேச்சும் அவ்வீட்டில் எழுந்திருந்தது. ஒரு பாடத்தின் மீதுள்ள அச்சம் ஒரு பெண்ணின் கல்வியையே முடித்துவிடும் நிலை கண்டு நாம் கலங்கினோம்.

அந்த ஞாயிறன்று மகாவீராச்சாரியரின் பழக்குவியல் கணக்கைக் குழந்தைகள் முன் வைத்தோம். கானகத்தின் ஓரத்தில் சமமான 63 வாழைப்பழக் குவியல்கள் உள்ளன. தனியே 7 பழங்களும் உள்ளன. வழி நடந்து களைத்த 23 பேர் அவை அனைத்தையும் மீதமின்றிச் சமமாகப் பகிர்ந்துகொண்டனர். ஒரு குவியலில் எத்தனை பழங்கள்? இதுவே வினா. சூத்திரம் எதனையும் நாம் கூறவில்லை. குவியலுக்கு ஒன்று எனில் மொத்தம் 70, இருபத்துமூன்றால் வகுபடாது. இரண்டு எனில் 133, அதுவும் வகுபடாது. குழந்தைகள் இவ்வாறு ஒவ்வொன்றாகச் சோதித்து, குவியலுக்கு ஐந்து என்று கண்டனர். மொத்தம் 322, ஆளுக்குப் பதினான்கு. அனைவரும் மகிழ்ந்தனர்.

அப்போது கடைசி வரிசையில் அமர்ந்திருந்த அச்சிறுமி, வேறு விடையும் இருக்கலாகாதா என்று மெல்லக் கேட்டாள். நாம் வியந்தோம். மகாவீராச்சாரியர் இவ்வினாவின் மூலம் கற்பிக்க விரும்பியதே அதுதான். ஒவ்வொரு குவியலிலும் 23 பழங்களைக் கூட்டினால், கூடிய பழங்களும் இருபத்துமூன்று பேருக்குச் சமமாகவே பிரியும். ஆளுக்கு 63 மிகும். ஆகவே குவியலுக்கு 28 என்பதும் விடையே. மொத்தம் 1771, ஆளுக்கு 77. இவ்வாறு விடைகள் முடிவின்றித் தொடரும். அச்சிறுமி இதனைத் தாளில் எழுதித் தானே கண்டுபிடித்தாள். கண்டபோது அவள் முகத்தில் தோன்றிய ஒளியை நாம் இன்றும் மறக்கவில்லை.

இத்தகைய கணக்குகளை முறையாகத் தீர்க்கும் வழியை ஆச்சாரியர் வல்லிகா குட்டீகாரம் என்று பெயரிட்டு விளக்குகிறார். வல்லி என்பது கொடி. வகுத்தலில் அடுத்தடுத்து வரும் ஈவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொடிபோல் எழுதிச் சென்று விடை காணும் முறை அது. ஆனால் முறையைக் கற்கும் ஆவல் மாணவனுக்கு முதலில் பிறக்க வேண்டும் அன்றோ? அதற்கே கானகமும் பழங்களும் களைத்த வழிப்போக்கரும்.

அடுத்தடுத்த வாரங்களில் வேறு வினாக்களையும் எடுத்துக்கொண்டோம். வணிகர் மூவர் வழியில் ஒரு பணப்பையைக் காண்கின்றனர். அப்பை தனக்குக் கிடைத்தால் மற்ற இருவரின் கைப்பொருளைப் போல் இருமடங்கு உடையவன் ஆவேன் என்கிறான் முதல்வன். மும்மடங்கு என்கிறான் இரண்டாமவன். ஐம்மடங்கு என்கிறான் மூன்றாமவன். கைப்பொருள் முறையே 1, 3, 5 எனவும், பையில் இருப்பது 15 எனவும் கொண்டால் மூவர் கூற்றும் மெய்யாவதைக் காணலாம்.

பழக்கடைக் கணக்கு ஒன்றும் உண்டு. 9 நாரத்தம்பழமும் 7 விளாம்பழமும் சேர்ந்து விலை 107. 7 நாரத்தம்பழமும் 9 விளாம்பழமும் சேர்ந்து விலை 101. ஒவ்வொன்றின் விலை என்ன? பெரிய விலையைப் பெரிய எண்ணாலும் சிறிய விலையைச் சிறிய எண்ணாலும் பெருக்கிக் கழித்து, இரண்டு எண்களின் வர்க்கங்களுடைய வேற்றுமையால் வகுக்க வேண்டும் என்பது ஆச்சாரியர் தரும் விதி. 963இல் 707 போக 256. 81இல் 49 போக 32. வகுத்தால் நாரத்தம்பழத்தின் விலை 8. விளாம்பழம் 5. நம் குழந்தைகளோ இரண்டு விலைகளையும் கூட்டி, இரு பழங்களும் ஒவ்வொன்று சேர்ந்து 13 என்றும், கழித்து வேற்றுமை 3 என்றும் கண்டு அதே விடையை எய்தினர். ஒரே வாயிலுக்குப் பல வழிகள் உண்டு என்பது அநேகாந்தம் பயின்ற நமக்குப் புதிதன்று.

பின்னத்தைக் கண்டு அஞ்சும் குழந்தைகளுக்கும் ஆச்சாரியரிடம் மருந்து உண்டு. ஒன்று என்னும் முழு எண்ணை, மேலே ஒன்று மட்டும் உள்ள பின்னங்களாகப் பிரிக்க அவர் அழகிய விதி தருகிறார். 1, 3, 9, 27 என்று மும்மடங்காக எழுதி, முதலெண்ணை இரண்டால் பெருக்கி, கடையெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு கொண்டால் 2, 3, 9, 18 என்றாகும். இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று, ஒன்பதில் ஒன்று, பதினெட்டில் ஒன்று ஆகியவற்றைக் கூட்டினால் சரியாக ஒன்று. அடை ஒன்றைப் பதினெட்டுத் துண்டாக்கி 9, 6, 2, 1 என்று நால்வர்க்குப் பகிர்ந்தால் குழந்தைகள் கண்ணாலேயே இதனைக் கண்டுகொள்வர். பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் வழியை இந்தியாவில் முதன்முதலில் வகுத்துக் கூறியவர் இவரே என்பர் வரலாற்று அறிஞர்.

ஒரு கூட்டத்திலிருந்து சிலவற்றை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்பதற்கான பொது விதியையும் அவர் தந்துள்ளார். இன்று மேல்நிலைப் பள்ளியில் சேர்மானம் என்று கற்பிக்கப்படுவது இதுவே. இதற்கு அவர் எடுத்த பொருள் அறுசுவை. ஒரு சுவையாக 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, நான்காக 15, ஐந்தாக 6, ஆறும் கூடி 1, ஆக 63. ஸ்ரீபுராணம் கூறும் மகாபுருடர் தொகையும் 63 அன்றோ என்று ஒரு மூதாட்டியார் நினைவூட்டினார். எண்ணின் ஒற்றுமை தற்செயலே ஆயினும் குழந்தைகள் இரண்டையும் இனி மறவார்.

மகாவீராச்சாரியரைப் போற்றும்போது அவரிடம் நேர்ந்த பிழையையும் மறைக்கலாகாது. எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை என்று அவர் தம் காலத்து எண்களின் எல்லைக்குள் தெளிவாகக் கூறினார். ஆனால் ஓர் எண்ணைப் பூச்சியத்தால் வகுத்தால் அவ்வெண் மாறாது நிற்கும் என்றும் எழுதினார். இது தவறு, பூச்சியத்தால் வகுத்தலுக்குப் பொருளே இல்லை என்பது இன்றைய கணிதம். பேராசானும் பிழை செய்தார் என்று கூறியபோது நம் வகுப்பில் ஓர் அமைதி நிலவியது. அச்சிறுமி மட்டும் சிரித்தாள். பிழை செய்தால் குற்றமன்று என்னும் பாடத்தை அன்று ஆச்சாரியரின் பிழையே அவளுக்குக் கற்பித்தது.

ஆச்சாரியரின் நூல் தென்னாட்டில் நெடுங்காலம் பயிலப்பட்டது. பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இதனைத் தெலுங்கில் தந்தார். சமண பண்டிதர்களின் இல்லங்களிலும் மடங்களிலும் ஓலைச் சுவடிகளாக இது காக்கப்பெற்றது. பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியரும், அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தின் காப்பாளருமாகிய மு. ரங்காச்சாரியார், கிரந்த எழுத்திலும் கன்னட எழுத்திலும் இருந்த படிகளைத் தேடி ஒப்பிட்டார். மைசூரிலிருந்தும் மூடபித்ரியிலிருந்தும் படிகள் கிடைத்தன. பல்லாண்டு உழைப்பின் பயனாக மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1912ஆம் ஆண்டு சென்னை அரசினர் அச்சகத்தில் வெளிவந்தன. அமெரிக்கக் கணித வரலாற்று அறிஞர் டேவிட் யூஜின் ஸ்மித் அதற்கு அறிமுகவுரை வழங்கினார். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில்தான் நம் வடசென்னைத் துறைமுகத்தில் இராமானுஜன் என்னும் இளைஞர் எழுத்தர் பணியில் அமர்ந்தார் என்பதும் ஈண்டு நினைவு கூரத்தக்கது. பின்னர் 1963இல் சோலாப்பூரிலிருந்து இந்தி மொழிபெயர்ப்பும், 2000இல் ஹொம்புஜத்திலிருந்து கன்னட மொழிபெயர்ப்பும் வெளிவந்துள்ளன.

சாத்திர தானம் நம் அறங்களுள் தலையாயது. நூலை அச்சிட்டு வழங்குவதோடு அத்தானம் முடிந்துவிடுவதில்லை. கற்பவன் மனத்திலுள்ள அச்சத்தைப் போக்கி, அறிவை அவன் கையில் எட்டும்படி வைப்பதும் அத்தானமே. அபய தானமும் அதனுள் அடங்கும். கணிதம் எல்லார்க்கும் உரியது என்று நம்பியதனால் அன்றோ ஆச்சாரியர் கடினமான விதிகளைப் பழத்திலும் முத்திலும் பொதிந்து தந்தார்?

அச்சிறுமி இப்போது பத்தாம் வகுப்பில் படிக்கிறாள். அவள் கணக்கில் முதன்மை பெற்றுவிட்டாள் என்று நாம் கூற வரவில்லை. அவள் கணக்கு நோட்டை மறைத்து வைப்பதில்லை. படிப்பை நிறுத்தும் பேச்சு அவ்வீட்டில் இப்போது இல்லை. இதுவே நமக்குப் பெருமகிழ்ச்சி.

பொழுது சாய்வதற்கு முன்பே உணவை முடித்துக்கொள்ளும் நம் இல்லங்களில், அதற்குப் பின் நீண்ட மாலை நேரம் எஞ்சியிருக்கிறது. அந்நேரத்தில் தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்தி, குழந்தைகளை அருகில் அமர்த்தி, இவ்வினாவை அவர்கள் முன் வைக்குமாறு அன்பர்களை வேண்டுகிறோம். ஒட்டகக் கூட்டம் ஒன்றில் நான்கில் ஒரு பங்கு காட்டில் உள்ளது. மொத்தத் தொகையின் வர்க்கமூலத்தைப் போல் இருமடங்கு மலைச்சாரலுக்குச் சென்றது. எஞ்சிய பதினைந்து ஒட்டகங்கள் ஆற்றங்கரையில் நிற்கின்றன. கூட்டத்தில் மொத்தம் எத்தனை? விடையை நாம் இங்கே எழுதவில்லை. குழந்தைகள் கண்டு சொல்லட்டும். பெரியோர் பொறுமையுடன் காத்திருக்கட்டும்.